தோட்டம் நீங்கலாக

கடலூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் ஓனர் எங்களுக்கு வீட்டைத்தான் வாடகைக்கு விட்டார், தோட்டத்தை விடவில்லை. இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். வீட்டோடு ஒட்டிக் கிடப்பதுதானே தோட்டம், அதை எப்படித் தனியாகக் கழித்துக்கொண்டு விடுவது என்று கேட்கிறார்கள். விடலாம். அவர் விட்டார். நாங்களும் பெரிய புத்திசாலிகள் மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் பால் காய்ச்சிக் குடியேறினோம்.

வீடு பார்க்கப் போன அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒரு ஹால், இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. அதிலெல்லாம் அவருக்கு அக்கறையே இல்லை. சுவரில் விரிசல் இருக்கிறதே என்று என் மனைவி காட்டியதற்கு, "இருக்கும்மா, பழைய வீடு" என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருந்தார். சமையல்கட்டின் பின்கதவைத் திறந்ததும்தான் ஆள் மாறினார். வீட்டைப் போல மூன்று பங்கு தோட்டம். பலா, தென்னை, கொய்யா, முருங்கை, எலுமிச்சை, கருவேப்பிலை. பின்கதவிலிருந்து கடைக்கோடி பாத்ரூம் வரைக்கும் கருங்கல் பலகைகளை வரிசையாகப் பதித்திருந்தார். நான் ஆசையாக மண்ணில் இறங்கப் போனேன். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"கல்லு மேல வாங்க தம்பி."

முள் கிள் இருக்கும்போல என்று நினைத்துக் கல் மேலேயே போனேன். பாத்ரூம் வாசலில் நின்று அவர் விளக்கினார். "இந்த வழி உங்களுது. பாத்ரூம் உங்களுது. தண்ணி எவ்ளோ வேணும்னாலும் எடுத்துக்குங்க. மத்தது நம்மளுது."

புரோக்கர் என் காதில், "பெரியவரு அப்டிதாண்ணே சொல்லுவாரு, போகப் போக சரியாயிடும்" என்றான். புரோக்கர் சொல்லி எது சரியானது?

அன்றைக்கே வேண்டாம் என்று திரும்பியிருக்கலாம். திரும்ப முடியாததற்குக் காரணம் என் அம்மா. அப்பா இறந்தபோது நாங்கள் ஒரு போர்ஷன் வீட்டில் இருந்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவைக் கொண்டுவந்தபோது அந்த வீட்டுக்காரம்மா கேட்டுக்குக் குறுக்கே வந்து நின்று, "வெளக்கேத்துற வூடு, தப்பா நெனச்சுக்காதீங்க" என்றாள். தெருவில் ஷாமியானா போட்டு, பிரீசர் பாக்ஸை அங்கேயே வைத்தோம். காலையில் தண்ணி லாரி வந்தது. டிரைவர் நல்லவன்தான், கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான். பிறகு ஹாரன் அடித்தான். நாலு பேர் சேர்ந்து அப்பாவைப் பெட்டியோடு தூக்கிச் சாக்கடை ஓரமாக வைத்தார்கள். லாரி போனதும் மறுபடி தூக்கி நடுவில் வைத்தார்கள்.

அம்மா அதை மறக்கவே இல்லை. சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று சொல்வாள்: "உங்கப்பாவ தண்ணி லாரிக்கு வழிவுட வெச்சிங்கடா." அவளுக்கும் சர்க்கரை, இதயம் வேறு வீங்கியிருக்கிறது. ஒவ்வொரு மழைக்காலமும் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வருகிறாள். வேறு எதையும் அவள் கேட்டதில்லை. தோட்டம் வைத்த வீடாகப் பார், நான் கிடக்கிறபோது யாருக்கும் வழிவிட மாட்டேன் என்பது ஒன்றுதான். அதற்காகத்தான் அந்த வீடு. அந்த மனிதரைப் பேசிப் பேசிக் கரைத்துவிடலாம் என்று நம்பினேன். டைல்ஸ் கடையில் மேனேஜராக இருக்கிறவன், ஒரு நாளைக்கு எத்தனை பேரைக் கரைக்கிறேன்!

அவர் இருந்தது சிதம்பரத்தில், மகனுடைய அபார்ட்மெண்டில். மூன்றாவது மாடி. அங்கே தொட்டியில் ஒரு துளசிகூட வைக்க மருமகள் விடவில்லை என்று ஒருமுறை சொன்னார். அதனால் தினமும் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துக் கடலூருக்கு வந்துவிடுவார். பக்கவாட்டில் ஒரு சின்ன கேட், அதற்கு அவரிடம் மட்டும் சாவி. வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கொய்யாக் கிளையில் மாட்டுவார், மஞ்சள் பையிலிருந்து பழைய கைலியை எடுத்துக் கட்டிக்கொள்வார், "நான் வந்துட்டேன்மா" என்று குரல் கொடுப்பார். அதற்குள் நாங்கள் பல் விளக்கியிருக்க வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். பாத்ரூம் தோட்டத்துக் கடைசியில். நடுவில் ஓனர். என் மனைவி தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வரவேண்டும். அவள் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டதுமே அவர் தென்னை மரத்துப் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். அவள் வீட்டுக்குள் போய்ப் பின்கதவைச் சாத்தும் வரைக்கும் திரும்ப மாட்டார். ஒரு நாளும் தவறாகப் பார்த்ததில்லை, ஒரு வார்த்தை தடித்துப் பேசியதில்லை. வாடகையை ஏற்றியதில்லை. டீ கொடுத்தால் மட்டும் வேண்டாம் என்பார். எங்கள் வீட்டு டீயைக் குடித்தால் அப்புறம் எங்கள் பேச்சைக் கேட்க வேண்டி வருமாம். தண்ணீர்கூடச் சிதம்பரத்திலிருந்து பாட்டிலில் கொண்டுவருவார். நல்ல மனிதர்தான். கெட்ட மனிதராக இருந்திருந்தால் என் ஆத்திரத்துக்கு ஒரு மரியாதையாவது இருந்திருக்கும்.

குடியேறிய புதிதில் என் மனைவி கொய்யாவுக்கும் முருங்கைக்கும் நடுவே கயிறு கட்டித் துணி உலர்த்தினாள். மறுநாள் துணியெல்லாம் மடித்துப் பின்வாசல் படியில் இருந்தது. கயிறு, சுருட்டிக் கதவுத் தாழ்ப்பாளில் மாட்டியிருந்தது.

"ஓனர் சார், வெயில் எல்லாம் அங்கதான சார் அடிக்குது? துணிய எங்க காயப்போடறது?" என்று கேட்டாள்.

"ஹால்ல ஃபேன் இருக்குதேம்மா."

"மழைக்காலத்துல?"

"மழைக்காலத்துல வெயில் எங்கம்மா அடிக்கப்போகுது?"

வக்கீல் வீட்டுப் பூனை மாதிரி பேசுவார். அன்றையிலிருந்து எங்கள் ஹாலில் நாலு கொடி. யாராவது வீட்டுக்கு வந்தால் பாவாடைகளை விலக்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

கஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கேதான் ஆள் விசித்திரம். பலாப்பழம் அறுத்தால் முதல் கீற்று எங்கள் படியில் இருக்கும். முருங்கைக்காய் கட்டுக் கட்டாக வரும். தேங்காய் பறித்த அன்று நாலைந்தை உரித்தே வைத்துவிட்டுப் போவார். நாங்கள் கடையில் கருவேப்பிலை வாங்கியதே இல்லை. ஆனால் ஒரு நாள் அவர் வருவதற்குள் ரசம் கொதித்துவிட, என் மனைவி கல்லில் நின்றபடியே எட்டி ஒரு கொத்து ஒடித்துவிட்டாள். வந்தவர் நேரே அந்தச் செடிக்குப் போனார். ஒடித்த இடத்தைத் தடவிப் பார்த்தார். பின்கதவுக்கு வந்தார்.

"கேட்டா கட்டா குடுப்பேனேம்மா."

"நீங்க இல்ல சார், ரசம் கொதிச்சிடுச்சி."

"நான் குடுத்தா அது கருவேப்பில. நீயே ஒடிச்சா அது வேறம்மா."

வேறு என்றால் என்ன என்று அவள் என்னைப் பார்த்தாள். நான் அவரைப் பார்த்தேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அது என்ன வேறு என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவராகவே சொன்னார். நான் கல்லில் குந்தியிருந்தேன், அவர் மண்ணில் குந்திக் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்னால், அதற்கும் முன்னால் இருந்த குடித்தனக்காரன் வெல்டிங் வேலை செய்கிறவன். ஒரு மாதத்துக்கு மட்டும் இரும்புச் சாமானைத் தோட்டத்தில் போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டான். சரி என்றார். மழையில் நனைகிறதென்று நாலு குழி தோண்டிக் கொட்டகை போட்டான். கொட்டகைக்குக் கரண்ட் இழுத்தான். அந்த முகவரிக்குத் தபால் வரவழைத்தான். போ என்றபோது, நான் இந்த இடத்தில் தொழில் செய்கிறவன் என்று கோர்ட்டில் நின்றான். வழக்கு முடிவதற்குள் அவருடைய மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார்.

"வீட்டுக்குள்ள இருக்கற வரைக்கும் அவன் குடித்தனக்காரன் தம்பி. மண்ணுல ஒரு குழி தோண்டிட்டான்னா பங்காளி." இதைச் சொல்லிவிட்டு, பிடுங்கிய கோரையின் வேரில் ஒட்டியிருந்த மண்ணைக்கூடத் தட்டித் தன் இடத்திலேயே உதிர்த்தார்.

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஒருவன் செய்ததற்கு ஊரில் இருக்கிறவன் எல்லாம் அனுபவிக்க வேண்டுமா? சூடு கண்ட பூனை என்பார்கள். இந்தப் பூனை பாலையும் தொடாது, பக்கத்தில் இருக்கிறவனையும் தொட விடாது.

பிறகு ஒரு புயல் வந்தது. கடலூர்க்காரர்களுக்குப் புயலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. விடியும்போது பலாமரம் வேரோடு சாய்ந்து, எங்கள் சமையல்கட்டு சன்ஷேடைப் பெயர்த்துக்கொண்டு கிடந்தது. பஸ் ஓடவில்லை. எப்படி வரப்போகிறார் என்று பார்த்தால், பால் வண்டியில் ஏறி வந்து இறங்கினார். நேரே மரத்துக்குப் போனார். ஒடிந்த கிளை ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். நாங்கள் மூன்று பேரும் பின்கதவில் நிற்கிறோம், தலைக்கு மேலே சன்ஷேடு கம்பி துருத்திக்கொண்டு தொங்குகிறது. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"சார், மனுசங்க நாங்க உசுரோட இருக்கோமா இல்லயான்னு ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா?"

அவர் திரும்பிப் பார்த்தார். "இருக்கீங்கன்னுதான் தெரியுதேம்மா. பேசுறீங்களே."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

மரத்தை அறுத்து எடுத்த பிறகு அந்த இடம் பளிச்சென்று ஆனது. பின்கதவுக்கு நேர் எதிரே, ஒரு பந்தல் போடுமளவுக்கு வெட்டவெளி. அம்மா தினமும் படியில் உட்கார்ந்து அதையே பார்ப்பாள். என்ன பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். அந்த மழைக்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது கால் வீக்கம் வடியவே இல்லை. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நான் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது, அம்மாவே கேட்டுவிட்டாள்.

"சார், ஒரு வார்த்த."

"சொல்லுங்கம்மா."

"நான் போய்ட்டன்னா, இந்த பலாமரம் வுழுந்த எடத்துல ஒரு பகல் கெடந்துட்டுப் போறேன். தெருவுல போடாம இருந்தா போதும். வேற ஒண்ணும் கேக்கல."

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். "என்னம்மா பேச்சு இது, காலங்காத்தால. நீங்க நல்லா இருப்பீங்க."

"நல்லாத்தான் இருக்கேன். கெடக்கலாமா கூடாதா, அத சொல்லுங்க."

"அப்ப பாத்துக்கலாம்மா."

அந்த வாரமே ஒரு லோடு ஆட்டோ வந்தது. சேத்தியாத்தோப்பு பக்கத்திலிருந்து வாழைக்கன்றுகள். அந்த வெட்டவெளி முழுக்க நட்டார். இரண்டு கன்றுக்கு நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் போகலாம், அவ்வளவு நெருக்கம். அம்மா விவசாயி வீட்டுப் பெண், படியில் உட்கார்ந்து பார்த்தவள் முதலில் கேலிதான் செய்தாள். "வாழைய இப்டி நெருக்கி வெச்சா எங்கேர்ந்து கொல தள்ளும்? இந்த மனுசனுக்கு என்னா தெரியும்!" பிறகு கன்றுகளுக்கு நடுவே எவ்வளவு இடம் விட்டிருக்கிறார் என்று கண்ணால் அளந்தாள். மெதுவாக எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

அன்றைக்கு நான் கல்லைவிட்டு இறங்கினேன். வாழைக்கன்றுகளுக்கு நடுவே போய் நின்று கத்தினேன். ஒரு வயதான பொம்பளை சாகும்போது ஒரு பகல் படுக்க இடம் கேட்டால் இப்படித்தான் பண்ணுவீர்களா என்று கேட்டேன். அவர் என் காலைத்தான் பார்த்தார், எந்தக் கன்றை மிதித்திருக்கிறேன் என்று.

"பந்தல் போடுவீங்க தம்பி. பந்தலுக்குக் குழி தோண்டுவீங்க."

"எங்கம்மா என்ன வெல்டிங் பட்டறையா வெக்கப்போறாங்க? ஒரு பகல் சார்!"

"அவனும் ஒரு மாசம்னுதான் கேட்டான்."

"உங்க மண்ண நீங்களே கட்டிக்கிட்டு அழுவுங்க."

"அதான் தம்பி பண்ணிக்கிட்டிருக்கேன்."

இதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தகவல் சொல்கிற மாதிரி சொன்னார். அந்தக் குரல் இன்றைக்கும் என் காதில் கிடந்து என்னைக் கடுப்பேற்றுகிறது.

வேறு வீடு தேடினேன். தோட்டம் வைத்த வீடு ஊரில் எத்தனையோ இருக்கிறது, வாடகைக்குத்தான் இல்லை. இருக்கிற ஒன்றிரண்டிலும் தோட்டத்தில் போர்ஷன் கட்டி விட்டிருப்பார்கள், இல்லையென்றால் கார் செட் போட்டிருப்பார்கள். எங்கள் கடைக்கே வந்து கேட்கிறார்கள்: "பின்னாடி எடம் சும்மா கெடக்குது, புல்லு மொளைக்காத மாதிரி ஒரு டைல்ஸ் காட்டுங்க." நானும் காட்டுகிறேன். அதுதானே என் பிழைப்பு.

வாழைகள் ஆள் உயரத்துக்கு வந்துவிட்டன. அம்மாவும் இன்றைக்கோ நாளைக்கோ என்றில்லாமல் தேறி நடமாடினாள். அப்போதுதான் ஒரு வாரம் அவர் வரவில்லை. "என்னாங்க, சத்தத்தையே காணும்" என்றாள் மனைவி. வரவில்லையே என்று தோட்டத்தில் துணி போட்டாளா என்றால் அதுவும் இல்லை, ஹாலில்தான் போட்டாள். பழகிவிட்டது.

ஒரு காலையில் அவருடைய மகன் போன் செய்தான். அப்பா விடியற்காலையில் போய்விட்டார் என்றான். அவனே தொடர்ந்தான்.

"அபார்ட்மெண்ட்ல மூணாவது மாடிக்கு பாக்ஸ் ஏறாதுன்றாங்க சார். கீழ பார்க்கிங்ல கொஞ்ச நேரம் வெச்சுட்டு எடுத்துடுங்கன்னு சொல்றாங்க. அக்கா சிங்கப்பூர்லேர்ந்து நாளைக்குத்தான் வராங்க. அதான் கடலூருக்கே கொண்டாந்து தோட்டத்துல வெச்சுக்கலாமான்னு..."

"உங்க தோட்டம் சார். என்னை ஏன் கேக்கறீங்க?" வேண்டுமென்றேதான் அப்படிக் கேட்டேன்.

"தோட்டம் மட்டும் இருந்தா போதாதே சார். பொம்பளைங்க உக்காரணும். தண்ணி வேணும், பாத்ரூம் வேணும். பிரீசர் பாக்ஸுக்குக் கரண்ட் குடுக்கணும். வீடு உங்ககிட்டல்ல இருக்குது."

போனைக் கையால் பொத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. "நம்ம அத்தைக்கு அவரு என்னா சொன்னாரு? அதையே திருப்பிச் சொல்லுங்க. அப்ப பாத்துக்கலாம்னு."

எனக்கும் அந்த நிமிஷம் அதைச் சொல்லிவிடத்தான் நாக்கு துடித்தது. அம்மா கட்டிலிலிருந்து கையை நீட்டி, "போனைக் குடு" என்றாள்.

"கொண்டாங்க தம்பி," என்று அவனிடம் சொன்னாள். "பின்கதவத் தொறந்து வெக்கிறேன். எங்கூட்டுல எல்லாம் எடுத்துக்கங்க." போனை என்னிடம் கொடுத்துவிட்டு மருமகளைப் பார்த்தாள். "அடுப்ப அணைச்சுடும்மா."

"உனக்கு வெக்கமா இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"தெருவுல கெடக்கறது யாருக்கும் வேணாம்டா" என்றாள்.

மதியத்துக்குள் வந்துவிட்டார்கள். பக்கவாட்டு கேட்டைத் திறந்து பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் நின்றுவிட்டார்கள், வைக்க இடம் இல்லை. தோட்டத்தில் வெளி என்று இருந்தது அந்த ஒரு இடம்தான், அது முழுக்க வாழை. இரண்டொரு மரம் அந்த நெருக்கத்திலும் குலை தள்ளியிருந்தது. மகன் யோசிக்கக்கூட இல்லை. "வெட்டுங்க" என்றான். அரிவாள் கேட்டார்கள். எங்கள் வீட்டு அரிவாளைத்தான் கொடுத்தேன். சதக் சதக்கென்று எல்லாம் சாய்ந்தன. அதன் மேலேயே மண்ணைத் தள்ளி மேடு நிரவினார்கள். பந்தல்காரர்கள் கடப்பாறையோடு வந்து தோன்றிய இடத்தில் எல்லாம் குழி தோண்டினார்கள். எங்கள் மிக்ஸி பிளக்கிலிருந்து ஒயர் இழுத்துப் பெட்டிக்குக் கரண்ட் கொடுத்தோம்.

சொந்தக்காரர்கள் வரவர, தோட்டம் கல்யாண மண்டபத்து வாசல் மாதிரி ஆகிவிட்டது. எலுமிச்சைச் செடியில் சாய்ந்து நின்று ஒருவன் போன் பேசிக்கொண்டிருந்தான், அது முறிந்து படுத்தது. கருவேப்பிலையைப் போகிற வருகிற பெண்கள் கை போன போக்கில் உருவினார்கள். எல்லோரும் மண்ணை மிதித்துக்கொண்டு நடந்தார்கள். கல்லு மேல வாங்க என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. நான் எதற்கு அதைச் சொல்ல வேண்டும்? எனக்கு என்ன வந்தது? ஆனால் தாங்க முடியவில்லை. கண்ணாடிக்குள் அவர் அசையாமல் படுத்திருந்தார், மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்கள். உயிரோடு இருந்த அவரிடம்கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை. எழுந்து ஒரு அதட்டல் போடுங்கள் சார் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது.

அம்மா மற்றப் பெண்களோடு அவர் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. வந்தவர்களில் யாரோ, "நீங்க பெரியவருக்கு என்னா ஒறவு?" என்று கேட்டார்கள். "குடியிருக்கறவங்க" என்றாள். மறுநாள் மகள் வந்து சேர்ந்து எடுக்கும் வரைக்கும் அவர் அங்கேதான் கிடந்தார். யாருக்கும் வழிவிடவில்லை. அம்மா கேட்ட இடம் அதுதான், அம்மா கேட்ட மாதிரியேதான்.

கருமாதி முடிந்த கையோடு மகன் வந்தான். கூடவே டேப் பிடித்துக்கொண்டு ஒரு புரமோட்டர். இருவரும் தோட்டத்தைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்தார்கள். வீட்டை அளக்கவில்லை, அதை இடிக்கப்போகிறார்கள்தானே.

"அப்பா இருந்த வரைக்கும் விக்க வுடல சார். எத்தினி வருசமா கேட்டுப் பாத்தோம். இப்ப நல்ல பார்ட்டி வந்திருக்காங்க. நீங்க வேற எடம் பாத்துக்கங்க." மரியாதையாகத்தான் சொன்னான். நாங்கள் அவனுக்கு ஒரு உதவி செய்திருக்கிறோம் என்ற நினைப்பு அவன் முகத்தில் இருந்தது, மறைக்கவில்லை. அவசரம் இல்லை, இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றான்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்க இருந்தது. "அதுக்குள்ள அம்மாவுக்கு ஏதாவதுன்னா?"

"தாராளமா இங்கயே வெச்சுக்கங்க சார், அதுல என்னா இருக்குது?" என்றான் உடனே. பிறகு புரமோட்டரைப் பார்த்தான். புரமோட்டர் தலையை ஆட்டினான். "ஆனா அடுத்த வாரம் மரம் வெட்ட ஆள் வராங்க. அப்புறம் போர் வண்டி வருது. எடம் இருக்காது சார், அதான்."

அப்பன் இல்லை என்று சொல்லி இல்லை என்றான். மகன் ஆமாம் என்று சொல்லி இல்லை என்கிறான். முன்னவரிடமாவது தொண்டை கிழியக் கத்த முடிந்தது. இந்தப் பையன் புன்னகைத்துக்கொண்டே நிற்கிறான், இவனிடம் எதை வைத்துச் சண்டை போடுவது? அந்த மனிதர் இருந்திருந்தால் இந்த டேப்பைப் பிடுங்கி எறிந்திருப்பார். எங்களுக்காக அல்ல, எங்களை அவர் எங்கே கணக்கில் வைத்தார். ஆனாலும் எறிந்திருப்பார்.

அதே புரோக்கரைக் கூப்பிட்டேன். "தோட்டம் வெச்ச வூடா? அதெல்லாம் இப்ப யாருண்ணே வாடகைக்கு வுடறாங்க? எடத்துக்கு வெல வந்துடுச்சி. வித்துட்டுப் போய்க்கினே இருக்காங்க" என்றான். கீழ் வீடாகவாவது பார் என்றேன். கீழ் வீடெல்லாம் கடைக்கு விட்டுவிடுகிறார்களாம். கடைசியில் கிடைத்தது ஒரு இரண்டாவது மாடி. லிஃப்ட் இல்லை. துணி காயப்போட மொட்டை மாடி இருக்கிறது, நாள் முழுக்க வெயில் அடிக்கிறது. என் மனைவி நெடுநாள் கழித்துச் சிரித்த முகமாக இருக்கிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

குடிபோன அன்று சாமானெல்லாம் ஏற்றிவிட்டு, கடைசியாக அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஏறினேன். மாடிப்படி குறுகல், முதல் திருப்பத்தில் பீரோவைத் திருப்ப முடியாமல் சுமை தூக்குகிறவர்கள் சுவரைப் பெயர்த்திருந்தார்கள். அம்மா அந்தத் திருப்பத்தில் நின்றாள். மூச்சு வாங்கியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், பெயர்ந்த சுவரைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம்தாம்மா, வந்துவிட்டது, மெதுவாக ஏறலாம் என்றேன்.

"ஏர்றது எம்பாடு, ஏறிடுவேன்" என்றாள். "எறக்கறது உம்பாடு. எப்டி திருப்புவன்னு இப்பவே பாத்து வெச்சுக்க."